கடைசியாக வந்த அளவு

குருவிநத்தம்
செப்டம்பர் 8

ராணிக்கு,

கவரைப் பார்த்ததுமே கையெழுத்து யாருடையது என்று உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொள். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். மெயிலுக்கும் பதில் இல்லை. வேறு வழி தெரியாமல் பாகூர் தபால் நிலையத்தில் போய் நின்றேன். கவுன்டரில் இருந்த அம்மா, "இன்னா தம்பி, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார். இல்லை, மன்னிப்புக் கடிதம் என்று சொல்லவா முடியும்?

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் கம்பெனி வேலையை விட்டுப் போனபோது நீ செய்த வெப் பக்கத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உன்னுடையது, எடுத்துக்கொண்டாய். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நம் ஊருக்கு மேலே, எட்டு கிலோமீட்டர் தள்ளிப் பாலத்துத் தூணில் நாம் இரண்டு பேரும் கட்டிய சென்சார், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தென்பெண்ணையின் தண்ணீர் அளவை இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. என் சர்வர் ஒன்று விடாமல் வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கி என்ன பயன்? ஊரில் ஒருத்தர் கண்ணிலும் படாது. பச்சை என்றால் ஆற்றில் இறங்கலாம், மஞ்சள் என்றால் யோசி, சிவப்பு என்றால் ஓடு என்று நீ செய்துவைத்த அந்த முகம் இப்போது இல்லை.

சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன். பதினொரு வருஷமாக சர்வர் எழுதுகிறவன், ஒரு திரை செய்ய எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நினைத்தேன். ராணி, மூன்று நாளாக ஒரு பெட்டியைத் திரைக்கு நடுவில் வைக்க முடியவில்லை. இடது பக்கம் ஓடுகிறது, வலது பக்கம் ஓடுகிறது, விட்டால் மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. வெண்ணிலா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கட்டின பொண்டாட்டி முன்னால ஒரு பொட்டிய நடுவுல வெக்கத் தெரில, நீயெல்லாம் இன்னா இன்ஜினியரு?" என்று சிரிக்கிறாள்.

அன்று நான் பேசியது தப்புதான். நீ பக்கத்தை எடுத்துக்கொண்டு போனதும் தப்புதான். இதை இத்தோடு விடுவோம். இன்னும் ஒரு மாதத்தில் ஐப்பசி பிறந்துவிடும். எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லிக்கொடு.

உன் விலாசத்தை சாமிக்கண்ணுவிடம்தான் வாங்கினேன். நேற்று ஆற்றங்கரையில் பார்த்தேன், ஒன்பது ஆட்டையும் ஓட்டிக்கொண்டு படுகைக்கு இறங்கிக்கொண்டிருந்தான்.

கலைவேந்தன்

*

திருக்கனூர்
செப்டம்பர் 15

கலைவேந்தன் அவர்களுக்கு,

கம்பெனியில் நான் உங்களை வா, போ என்றுதான் பேசினேன். ஊருக்குள் உங்கள் அப்பா சிங்காரவேலு முன்னால் மட்டும் வாங்க, போங்க. இனி எல்லா இடத்திலும் 'நீங்கள்'தான். எனக்கும் குழப்பம் இல்லை.

முதலில் என் அப்பா. அவருக்கு அறுபத்திரண்டு வயது. படுகைக்கு 'இறங்கிக்கொண்டிருந்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வூட்டில் சின்னப் பிள்ளைகூட அவரை அப்படித்தான் பேசும், எனக்குத் தெரியாதா? ஆனால் உதவி கேட்டு எழுதுகிற கடிதத்திலேயே, யாரிடம் கேட்கிறீர்களோ அவளுடைய அப்பாவையே அப்படி எழுத உங்களால் மட்டும்தான் முடியும். இன்னொரு தடவை அப்படி இருந்தால் படிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவேன்.

அடுத்து, ஜூலை. சமுதாயக் கூடத்தில் நம் பக்கத்தைத் திறந்துவைத்த அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னீர்களே, நான் விரல் விட்டு எண்ணினேன். பதினான்கு பேர். பந்தல் போட்டவருக்குக்கூட நன்றி. நான் கடைசி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என் பக்கத்தில் நின்று, "ஒம்பேர எப்பம்மா சொல்லுவாங்க?" என்று ஒவ்வொரு பெயருக்கும் கேட்டார். பதினான்கு தடவை கேட்டார். திங்கட்கிழமை கம்பெனியில் வைத்து, 'ஸ்கிரீனுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலைதானே, யார் வேணாலும் செய்யலாம்' என்றீர்களே, அதைக்கூட மறந்துவிடுவேன். அப்பா கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

நான் இங்கே அம்சவள்ளி சித்தி வூட்டில் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் உண்டு, ஆனால் பாதிக்கு மேல் கண்ணீர் அஞ்சலிதான்.

சொல்லித்தருகிறேன். உங்களுக்காக இல்லை. அப்பா தினமும் அந்தப் படுகைக்குத்தான் இறங்குகிறார், அதற்காக. ஆனால் எல்லாம் தபாலில்தான். உங்கள் குரலைக் கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. பக்கம் முடிந்ததும் அதன் அடியில் என் பெயர் இருக்க வேண்டும், முழுப் பெயர். செய்கிற ஒவ்வொன்றையும் என் அப்பாவின் போனில் காட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் பெரிய கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கிறது என்று எனக்கு எழுதாதீர்கள்.

பெட்டியை நடுவில் வைப்பதற்கு மூன்று வரி, இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. கையால் ஒவ்வொரு எழுத்தாக அடியுங்கள். அப்போதுதான் மண்டையில் ஏறும்.

ஒரு கேள்வி. சென்சாரிலிருந்து எதுவுமே வராத நேரத்தில் உங்கள் பக்கம் என்ன காட்டும்? என் பழைய பக்கத்தில் அதற்கென்று தனியாக எழுதியிருந்தேன். யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். இதற்கு மறக்காமல் பதில் எழுதுங்கள்.

சா. விஜயராணி

*

குருவிநத்தம்
செப்டம்பர் 23

ராணிக்கு,

நடுவில் வந்துவிட்டது! உன் மூன்று வரியை அடித்தேன், அந்தச் சனியன் பிடித்த பெட்டி அப்படியே நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தது. வெண்ணிலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மூணு வரிக்கா மூணு நாளு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உன் அப்பாவைப் பற்றி எழுதியது தப்பு. பழக்கதோஷம். இனி எழுத மாட்டேன்.

போனில் காட்டச் சொன்னாய், காட்டினேன். மதகடியில் வைத்து அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். என் கம்ப்யூட்டரில் மகாராஜா மாதிரி இருந்த பக்கம் அந்தப் போனில் சந்தி சிரித்தது. எழுத்து பாதியில் உடைகிறது. 'மீட்டர்' என்பதில் 'மீ' இங்கே, மிச்சம் அடுத்த வரியில். திரையில் வலது பக்க மூலை கீறல் விழுந்து கறுத்துப் போயிருக்கிறது, நான் நிறத்தை அங்கேதான் வைத்திருந்தேன். வெயிலில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இப்போது திரை முழுக்கவே நிறத்தால் நிரப்பிவிட்டேன், எண்ணை நடுவில் பெரிதாக வைத்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இந்த வேலை எனக்குப் பயமாக இருக்கிறது. சர்வரில் ஒரு தப்பு செய்தால் அது உடனே கத்தும், சிவப்பில் எழுதிக் காட்டும், ஓடாமல் நின்றுவிடும். உங்கள் பக்கத்தில் எதுவும் கத்துவதில்லை. தப்பாக இருந்தாலும் பார்க்க அழகாக உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எல்லாம் எப்படித்தான் நிம்மதியாகத் தூங்குகிறீர்களோ.

நீ கேட்ட கேள்வி சர்வர் சம்பந்தப்பட்டது, அதை என்னிடம் விட்டுவிடு. சென்சாரிலிருந்து எதுவும் வராவிட்டால் என் சர்வர் 'ஒன்றும் வரவில்லை' என்று பதிந்துவைக்கும். இல்லாததை இருப்பதாக அது சொல்லாது. பதினொரு வருஷ வேலை, அதிலே சந்தேகப்படாதே.

கலைவேந்தன்

*

திருக்கனூர்
செப்டம்பர் 30

கலை,

கோபம் வந்தால் எனக்கு 'நீ' என்றுதான் வருகிறது. ஏன் மதகடியில் பார்த்தாய்?

அந்த மதகிலிருந்து எங்கள் தெரு நாற்பது அடி. அங்கே நின்றுகொண்டு யாரையாவது அனுப்பி, 'சாமிக்கண்ணுவ வரச்சொல்லு' என்று சொல்லியிருப்பாய். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்திருப்பார். நான் நேரில் பார்க்காமலேயே சொல்கிறேன், சரியா? உங்கள் அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். நீ முப்பத்து மூன்று வருஷமாக அந்த மதகைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

நான் இதைச் சண்டைக்காக எழுதவில்லை, வேலைக்காகத்தான் எழுதுகிறேன். நீ செய்கிற பக்கத்தைப் பார்க்கப்போகிறவர் அந்தத் தெருவுக்குள்தான் இருக்கிறார். உள்ளே போ. அவர் உட்காருகிற இடத்தில் உட்கார். அவர் பார்க்கிற வெளிச்சத்தில் பார். எந்த நேரத்தில் பார்க்கிறார், பார்த்ததும் என்ன செய்கிறார் என்று பார். இந்த வேலையில் பாதி அதுதான் கலை. மிச்சம் பாதிதான் பெட்டி, நிறம் எல்லாம்.

என் கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. உன் சர்வர் 'ஒன்றும் வரவில்லை' என்று சொல்லட்டும், சந்தோஷம். அதைக் கேட்டுவிட்டு பக்கம் என்ன செய்யும்? பச்சை ஒரு நிறம், மஞ்சள் ஒரு நிறம், சிவப்பு ஒரு நிறம். 'ஒன்றும் வரவில்லை' என்பதற்கு என்ன நிறம் வைத்திருக்கிறாய்? நான் கேட்பது அதுதான்.

திரையை நிறத்தால் நிரப்பியது நல்ல யோசனை. எனக்கே தோன்றவில்லை.

ராணி

*

குருவிநத்தம்
அக்டோபர் 19

ராணி,

போனேன். மதகைத் தாண்டி உள்ளே போனேன்.

உன் தம்பி பாக்யராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். உன் அப்பா உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். நான் மூன்று தடவை சொன்ன பிறகு கீழே உட்காரப் போனார். நானும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன், அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. டீ கொடுத்தார். குடித்தேன். எங்கள் வூட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லவில்லை.

அவர் எப்படிப் பார்க்கிறார் என்று பார்த்தேன். ஆட்டை அவிழ்க்கும் முன்னால் ஒருமுறை, கரையில் நின்று ஒருமுறை. எண்ணை அவர் படிப்பதே இல்லை. நிறம் மட்டும்தான். பச்சை என்றால் போனை மடியில் செருகிக்கொண்டு இறங்கிவிடுகிறார்.

"எம்பொண்ணு பேரு எங்க தம்பி?" என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்து போட்டேன். பக்கத்துக்கு அடியில், 'இந்தப் பக்கத்தை அமைத்தவர்: சா. விஜயராணி' என்று இருக்கிறது. கட்டைவிரலை அதன்மேல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராணி, ஜூலையிலேயே நான் இதைச் செய்திருக்க வேண்டும். மன்னித்துவிடு. இந்தத் தடவை 'ஆனால்' எதுவும் சேர்க்கவில்லை.

நேற்று சமுதாயக் கூடத்தில் எல்லாருக்கும் காட்டினோம். அப்போது ஒரு மானக்கேடு நடந்தது. மழையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அளவு வராத போதெல்லாம் திரை வெள்ளையாகப் போய்ப் போய் வந்தது. எங்கள் அப்பா எல்லார் முன்னாலும், "இன்னாடா இது, அப்பப்ப கண்ண மூடிக்குது? இத நம்பி எவன்டா ஆத்துல எறங்குவான்?" என்றார். கூடமே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வூட்டுக்கு வந்ததும் சரிசெய்துவிட்டேன். சர்வர் வேலையில் இது அரிச்சுவடி. புதுசு வரும்வரை பழசைக் கையில் வைத்துக்கொள்வது. இனி அளவு வராவிட்டால், கடைசியாக வந்த அளவும் அதன் நிறமும் அப்படியே நிற்கும். பக்கம் கண்ணை மூடுவதே இல்லை. நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்கும் இதுதான் பதில். இப்போது திருப்திதானே?

கலை

*

திருக்கனூர்
அக்டோபர் 28

கலை,

அப்பா போன் செய்தார். ஆடு, மழை, மூட்டு வலி எதையும் பேசவில்லை. "ஒம்பேரு கீதும்மா, கீழ, கறுப்பு எழுத்துல" என்று இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் காட்டிவிட்டாராம். கடையில் பொட்டலம் கட்டுகிற கண்ணையன் மாமாவிடம், "எம்பொண்ணு சொன்னாத்தான் நான் ஆத்துலயே காலு வெப்பேன்" என்றாராம். நான் போனை வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான். உனக்கு நன்றி என்று எழுத எனக்குக் கை வராது என்று நினைத்தேன், இதோ வருகிறது. நன்றி கலை.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பழசைக் கையில் வைத்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு நேரத்துக்கு வைத்துக்கொள்ளும்? ஐந்து நிமிஷமா, ஐந்து மணி நேரமா? பார்க்கிறவருக்கு அது பழசு என்று எப்படித் தெரியும்? நீ ஏதாவது எழுதிக் காட்டுகிறாயா? உங்கள் அப்பா சிரித்தார் என்பதற்காக எதையும் மறைத்துவிடாதே.

இங்கே நாலு நாளாக விடாத மழை. இந்த வாரம் மட்டும் ஆறு அஞ்சலி போஸ்டர் செய்தேன். எல்லாம் வயசானவர்கள்தான். ஆனாலும் செய்யச் செய்ய மனசு என்னவோ போல் ஆகிவிடுகிறது.

ராணி

*

குருவிநத்தம்
நவம்பர் 16

ராணி,

பதில் எழுத நேரமே இல்லை. மேலே அணையில் தண்ணீர் ஏறுகிறது என்கிறார்கள். தினமும் மைக் வண்டி ஒன்று, ஆற்றோரம் யாரும் போகாதீர்கள் என்று கத்திக்கொண்டு போகிறது. தினமும் ஒன்றும் ஆவதில்லை. ஊரே இப்போது நம் பக்கத்தைத்தான் பார்க்கிறது. போன தடவை சிவப்பு வந்ததும், தண்ணீர் வர இரண்டு மணி நேரம் முன்னாலேயே மேட்டுத்தெருவே மாட்டை எல்லாம் கரைக்கு ஏற்றிவிட்டது.

நீ சும்மா கவலைப்படுகிறாய். போன வியாழக்கிழமை சென்சாரில் சேறு அடைத்துக்கொண்டது. பாலத்துக்குப் போய்க் கழுவிவிட்டு வர ஆறு மணி நேரம் ஆயிற்று. ஆறு மணி நேரமும் பக்கம் ஆடாமல் அசையாமல் நின்றது, ஒரு குஞ்சுக்குத் தெரியாது. அவ்வளவு உறுதியாகச் செய்திருக்கிறேன். பெயரும் போட்டாயிற்று, உள்ளேயும் போயாயிற்று, இன்னும் என்ன குறை உனக்கு?

கலை

*

திருக்கனூர்
நவம்பர் 24

கலை,

மழையில் தபால் தேங்கி உன் கடிதம் சனிக்கிழமைதான் கைக்கு வந்தது.

ஆறு மணி நேரம் ஒரு குஞ்சுக்குத் தெரியவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதுதான்டா ஆபத்து! அந்த ஆறு மணி நேரமும் ஆறு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. உன் சர்வருக்குத் தெரியாது. ஆனால் பக்கம் மட்டும் எல்லாம் தெரிந்த மாதிரி பச்சையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. சேறு அடைத்ததால் நின்றது என்கிறாய். நாளைக்கு வேறு எதனால் நிற்கும் என்று யோசித்துப் பார்த்தாயா?

உடனே அதை எடு. ஒரு மணி நேரம்கூட வைக்காதே. எடுக்க முடியாவிட்டால் பக்கத்தையே மூடிவிடு, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். அதைச் சரிசெய்கிற வரைக்கும் என் பெயரையும் எடுத்துவிடு. என் பெயர் இருப்பதால்தான் அப்பா நம்புகிறார். நான் கேட்டு வாங்கிய பெயர்தான், நானே சொல்கிறேன், எடுத்துவிடு.

இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். கிடைத்த உடனே செய்.

ராணி

*

குருவிநத்தம்
டிசம்பர் 3

ராணி,

உன் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

உனக்குத் தெரிந்ததையே நான் திரும்ப எழுதுகிறேன். ஆனால் எனக்கு மட்டும் தெரிந்தது கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் நான் மனுஷனே இல்லை.

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு சென்சார் கடைசி அளவை அனுப்பியது. தொண்ணூறு சென்டிமீட்டர். பச்சை. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. இந்தத் தடவை சேறு இல்லை. மேலே திறந்துவிட்ட தண்ணீர் மரத்தையும் கட்டையையும் இழுத்துக்கொண்டு வந்து, தூணில் இருந்த சென்சாரையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. எந்த வெள்ளத்தைச் சொல்வதற்காக அதைக் கட்டினோமோ, அந்த வெள்ளம்தான் அதன் வாயை அடைத்தது.

என் சர்வர் பொய் சொல்லவில்லை ராணி. பதினொன்று இருபத்தைந்து, ஒன்றும் வரவில்லை. பதினொன்று முப்பது, ஒன்றும் வரவில்லை. உன் அப்பா பார்க்கிற வரைக்கும் இருபத்திரண்டு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறது. எல்லாம் எழுதியபடி இருக்கிறது. பக்கம் அதில் ஒன்றைக்கூட யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லாதே என்று நான்தான் செய்து வைத்திருந்தேன்.

பக்கத்தை யார் எப்போது திறக்கிறார்கள் என்பதும் சர்வரில் பதிவாகும். உன் அப்பாவின் போன் அவ்வளவு பழசு, ஊரில் அந்த மாடல் வேறு யாரிடமும் இல்லை. ஒன்று பத்துக்கு ஒருமுறை திறந்திருக்கிறார். ஒன்று பதினெட்டுக்கு இன்னொருமுறை. வூட்டில் ஒன்று, கரையில் ஒன்று. அவர் வழக்கமாகப் பார்ப்பது போலத்தான் பார்த்திருக்கிறார். இரண்டு தடவையும் பச்சை.

பாக்யராஜ் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறான். "போவாதப்பா, மைக்ல சொல்லிகினு போறாங்க" என்றானாம். "மைக்கு தெனமும்தான்டா கத்துது. எம்பொண்ணு பச்சைன்னு போட்டுக்கீது" என்று சொல்லிவிட்டு, படுகையில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்க இறங்கியிருக்கிறார்.

அன்று உன் நம்பருக்குப் பதினோரு தடவை அடித்தேன். நான் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறேன்.

அவரை எடுத்து வந்தபோது நானும் வந்தேன். மதகு வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை. நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

கலை

*

திருக்கனூர்
டிசம்பர் 10

கலைவேந்தன் அவர்களுக்கு,

மதகில் நீங்கள் நின்றதைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தீர்கள்.

திட்டுவதற்கு நிறைய இருந்தது. எழுத உட்கார்ந்தால் எல்லாம் என்னிடமே திரும்பி வருகிறது. உங்கள் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது என்று எழுதினேன் அல்லவா? அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். 'அந்தப் பக்கத்தை நம்பாதப்பா' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவர் அதற்குள், "நம்ம தெரு புள்ளைங்களுக்கெல்லாம் ஒம்பேர படிக்கக் கத்துக்குடுத்துகினு கீறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. கடிதம் போடுகிறோமே, நீங்கள் சரிசெய்துவிடுவீர்கள், அப்பாவிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். பிளாக்கை எடுத்து உங்களுக்கு ஒரு போன் செய்திருந்தால் அரை நிமிஷ வேலை. ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒன்பது ஆட்டில் அப்பா அவிழ்த்துவிட்ட ஏழு தானாகவே கரையேறி வந்து வாசலில் நிற்கின்றனவாம். தம்பி சொன்னான்.

தண்டனை கேட்டிருக்கிறீர்கள். தாளின் பின்பக்கத்தில் நாலு வரி இருக்கிறது. என் பழைய பக்கத்தில் இருந்தது. பத்து நிமிஷமாக அளவு வராவிட்டால் திரை முழுக்கக் கறுப்பாகும், நடுவில் வெள்ளை எழுத்தில் 'தெரியவில்லை, இறங்காதீர்கள்' என்று வரும். செப்டம்பரில் நீங்கள் ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கே எழுதி அனுப்பியிருப்பேன். அடித்துப் போடுங்கள். கார்த்திகை இன்னும் முடியவில்லை, புது சென்சார் கட்டியாக வேண்டும், அந்தத் தெருவில் இன்னும் பதினேழு வூட்டில் ஆடு இருக்கிறது. முடித்த பிறகு மதகில் நிற்காமல் உள்ளே போய், கறுப்பு என்றால் என்ன என்று ஒவ்வொரு வூட்டிலும் உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நாம் பேசுவதற்கு இல்லை. திரை கறுத்தால் எனக்கும் ஒரு போன் வர வேண்டும், அதற்கு.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். போஸ்டரை நானே செய்தேன். கடை முதலாளி அரிகரன் அண்ணன், "நீ செய்யாத, நான் வேற ஆள வெச்சுப் பாத்துக்கறேன்" என்றார். நான் விடவில்லை. நல்ல படம் இல்லை. ஜூலையில் சமுதாயக் கூடத்தில் என் பக்கத்தில் நின்றிருந்தாரே, அந்தப் படத்திலிருந்துதான் வெட்டி எடுத்தேன். அப்பாவை நடுவில் வைத்தேன். ஒரே தடவையில் வந்துவிட்டது.

அடியில், 'இவண்' என்ற இடத்தில் தம்பி பெயரும் சித்தி பெயரும் போட்டேன். அரிகரன் அண்ணன் அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் பார்த்துவிட்டு, "இன்னாமா, பொண்ணு பேரு வுட்டுப்போச்சே?" என்றார்.

விட்டுப்போகவில்லை அண்ணா, அப்படியே அடியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.